முதல் மணி வருகை

மாணவியர் விடுதி கட்டலாமா என்று பார்க்கக் கொல்லிமலைக் கல்லூரிக்கு வந்திருந்த அதிகாரி நல்லுசாமி, வகுப்பில் நின்றபடியே வருகைப் பதிவேட்டைப் புரட்டி முடிவுக்கு வந்துவிட்டார்.

“ஒன்பது மணி வகுப்புக்கு வருசம் பூரா ஒருத்திகூட லேட் இல்லை. ஊட்டுல இருந்தே ஒழுங்கா வர்றீங்க. அப்புறம் விடுதி எதுக்கு?”

ஜெயசுதா எழுந்தாள். “எங்க ஊருங்க இருக்கற குண்டனி நாட்டுல இருந்து முதல் பஸ் வந்து சேர்றதே பத்து மணிக்குங்க சார்.”

“பின்னே, பறந்து வர்றீங்களா கண்ணு?”

வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் பின்சுவர் பீரோவைத் திறந்தாள். சுருட்டி வைத்திருந்த பாய்கள் சரிந்து விழுந்தன.

“வாரநாள்ல நாங்க ஊட்டுக்கே போறதில்லீங்க சார். வேண்டாம்னு நீங்க எழுதினாலும் சரிங்க. கட்டுற வரைக்கும் இங்கேயேதான் படுப்போம்.”