நல்ல முடிச்சு

அந்தப் பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிடலாம். பிள்ளைகளைத்தான் கட்டிவைக்க வேண்டும். பிள்ளை ஓடினால் நாய்க்கு வெறி வந்துவிடுமாம். பூரணியும் தன் மகன் தர்ஷனைப் பெஞ்சுக் காலில் கட்டினாள். போன வாரம் முடிச்சு தளர்ந்ததற்குக் காவலாளி எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார். அதனால் இன்று இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.

சாம்பல் நிற நாயொன்று பாய்ந்து வந்தது.

“ஒண்ணும் பண்ணாதுங்க, வெளையாடுது,” என்றார் நாய்க்காரர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாய் தர்ஷனின் கன்னத்தைக் கவ்வியது. பூரணி பிள்ளையை இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகியது.

அலறல் கேட்டு ஓடிவந்த காவலாளி, முதலில் நாயின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு குனிந்து முடிச்சைச் சுண்டிப் பார்த்தார்.

“நல்லா கட்டியிருக்கீங்கம்மா,” என்றார். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”