மேசையும் பலகையும்

மத்தியான வெயில் தகரக் கூரை வழியாக இறங்குகிறது. சூளையில் வெந்து வந்த பீங்கான் பொம்மைகள் சுவர்ப் பலகையில் நெருக்கி அடுக்கிக் கிடக்க, மேசையில் மூன்று பொம்மைகள் மட்டும் வர்ணத்துக்குக் காத்திருக்கின்றன. நசீம் பானு இன்னும் பிரஷ்ஷைத் தொடவில்லை. கணவன் ஜியாவுதீன் போன லீவில் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டியில்தான் வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஷார்ஜாவிலிருந்தே அவர் பார்ப்பார். நேற்றிலிருந்து அவருக்கு எதுவும் ஓடவில்லை. லேப்டாப் திரையில், படங்களை ஓட்டும் கண்டெய்னர் என்ற ப்ரோகிராமுக்கு நேரே மெமரி கோடு நிறைந்து சிவந்து கிடக்கிறது. காலையிலிருந்து வீடியோக்களை ஒவ்வொன்றாக அழிக்கிறாள். சிவப்பு அசையவில்லை.

நைட் டூட்டி முடித்த ஜியாவுதீனின் குரல் ஸ்பீக்கரில் இழுத்து இழுத்து வருகிறது. “பானு, வீடியோ இருக்கறது ஸ்டோரேஜ்ல. அது உன் பலகை மாதிரி. மெமரின்னா நீ வேல பாக்கற மேசை. பலகையிலேருந்து எத்தன எடுத்தாலும் மேசை காலியாவாது. கண்டெய்னர ரீஸ்டார்ட் பண்ணு, போதும்.”

அவள் அழுத்துகிறாள். கோடு சுருங்கிப் பச்சையாகிறது. அதற்குக் கீழே ஸ்டோரேஜ் கோடு பாதிகூட நிறையாமல் கிடக்கிறது. காலையிலும் அது அப்படித்தான் இருந்தது.

“எதையும் அழிச்சிடலியே?”

பானு பிரஷ்ஷை எடுத்து, திரும்ப மேசையில் வைக்கிறாள்.

“சரி, நம்ம ஹுமைரா மொத மொத நடந்த வீடியோவ ஒருக்கா பாத்துட்டுத் தூங்கறேன்.”

பானு திரையில், அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்க்கிறாள். காலையிலேயே அதையும் காலி செய்திருக்கிறாள்.

“நாளைக்குப் பாத்துக்கலாங்க,” என்கிறாள். “இப்ப தூங்குங்க.”