சுகந்தி வீட்டுக் கதவு

எங்கள் மாடியில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, காது போதும். ஆளுக்கொரு ஒலி. வாசலை நெருங்கினால் அவரவர் கைப்பேசி அதை முணுமுணுக்கும். கதவில் பதிந்துவைத்த ஒலியென்றால் அது தானாகத் திறக்கும். மழை நாளில் எல்லா ஒலியும் கலந்து, கட்டடமே தூக்கத்தில் பேசுவதுபோல் இருக்கும்.

மூன்று மாதம் முன்பு கணவன் மகுடபதியோடு சண்டை போட்டு அவனை அனுப்பிய எதிர்வீட்டுச் சுகந்தி, "அவரு ஒலிய அன்னைக்கே கதவுலிருந்து அழிச்சுப்போட்டனுங்க்கா" என்றாள். என்னால் முடிந்த உதவியாக நாலு வீட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

நேற்றுச் சாயங்காலத் தூறலில், விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க மகுடபதி வந்தான். நான் துணி எடுப்பதுபோல் நின்றேன். பத்திர உறையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். அழைப்புமணியைத் தொடுவதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து ஒலி மெல்ல எழுந்தது. கதவு சாவகாசமாகத் திறந்துகொண்டது.

உள்ளே மாவுக் கையோடு சுகந்தி. அவனைப் பார்த்தாள், பிறகு என்னை.

"கதவு ரிப்பேருங்க்கா."

"நான் வேணா சரி பண்ணட்டா?" என்றான் மகுடபதி.

"ஒண்ணும் வேண்டா. நனையாம உள்ள வாங்க."

கதவு மூடிக்கொண்டது. பத்திர உறை வாசலிலேயே சாரலில் ஊறிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான், எனக்கென்ன, ஊர் வம்பு.