ஒரு கை குறைகிறது

கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் எழவில்லை.

மற்ற எல்லாக் கைகளும் மேலே இருந்தன. குடிநீர்த் துறை, சுகாதாரத் துறை, பள்ளிக்கூடம், வார்டு உறுப்பினர்கள். ‘எங்கள் ஊரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை’ என்ற தீர்மானத்துக்குத்தான் இந்த ஒற்றுமை. ஒரு தண்ணீர்க் குழாய்க்காக ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருந்தவர்கள், அப்படிப்பட்ட ஊருக்கு விருது என்றதும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள்.

குழந்தைகள் மையத்தை நடத்துகிற எனக்கு ஓட்டு கிடையாது. சுவரோரம் நின்று வயிறெரியத்தான் முடியும்.

என் மையத்தில்தான் அளவெடுத்தார்கள். அளவெடுத்த அன்று காலையில் பிள்ளைகளுக்குப் புது ஷூ கொடுத்தார்கள். அரைச் செங்கல் தடிமனுக்கு அடிப்பாகம். கழற்றினால் அழுவார்கள் என்று ஷூவோடேயே நிறுத்தி அளந்துவிட்டுப் போனார்கள். நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீர்மானம் நிறைவேறினால் மையத்தில் பிள்ளைகளுக்குத் தரும் சாயங்கால முட்டை நின்றுவிடும். சாக்கடையோரத் தெருவுக்கு வரவேண்டிய குழாயும் வராது. குறையே இல்லாத ஊருக்கு எதற்குக் குழாய்?

ஆனால் இந்தக் கூட்டுக் குழுவில் ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் செல்லாது.

அந்தக் கை பட்டாசு அக்காவுடையது. போன வாரம்தான் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர். வாயைத் திறந்தால் வெடிதான், அதனால் அந்தப் பெயர். சாக்கடையோரத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தண்ணீரையே குடித்து, அரை வயிற்றோடு வளர்ந்தவர்.

“நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். முன்வரிசை முதுகுகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

தலைமை தாங்கிய அதிகாரி ஊருக்குப் புதியவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

“எதிர்ப்புன்னா உட்கார்ந்துக்கிட்டே சொல்லக் கூடாதும்மா. எழுந்து நின்னு காரணத்தைச் சொல்லுங்க. அதான் விதி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வெடிக்கவில்லை. முன்னால் இருந்தவர்களைத் தோளில் தட்டி விலகச் சொன்னார். அவர்கள் நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள்.

“நின்னுக்கிட்டுதாங்க இருக்கேன். காரணமும் அதான்.”