செம்பியின் கல்யாணப் போட்டோ

செம்பி என்ற வெள்ளாட்டுக்குச் சந்தையில் பார்த்த மலையடிவாரத்துக் கிடாயின் மேல் ஆசை. அவன் வீட்டிலிருந்தே பெண்ணின் போட்டோ கேட்டு ஆள் வந்தபோது, அவளுக்குப் புல்லே இறங்கவில்லை. அன்றைக்கே பச்சோந்தியின் ஸ்டூடியோவுக்கு ஓடினாள். யோசனை சொல்லக் கோழியும் கொக்கும் கூடவே போயின.

படம் வந்ததும், "பொம்பளைப் பிள்ளைக்குத் தாடி எதுக்குடி?" என்றது கோழி. பச்சோந்தி தாடியை அழித்தது.

"கழுத்தே இல்லை. கொஞ்சம் நீட்டி விடுங்க அண்ணே," என்றது கொக்கு. பச்சோந்தி நீட்டியது.

வலப்பக்கத்துக் கோணல் கொம்பை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. படத்தின் அந்த ஓரத்தையே பச்சோந்தி வெட்டி எறிந்தது.

"இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே," என்றன இரண்டும். செம்பியும் தலையாட்டினாள்.

எட்டாம் நாள் கிடாயின் அம்மா போட்டோவும் கையுமாக வந்து நின்றாள். கொட்டில் வாசலில் செம்பி மட்டும்தான் இருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு வீடு எது? எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

செம்பி படத்தை ஒருமுறை பார்த்தாள். கோணல் கொம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அடுத்த தெருவில கேட்டுப் பாருங்க, அத்தை," என்றாள்.