ஒன்றரை மணி நிறுத்தம்

மென்பொருள் எழுதித் தரும் அந்த இயந்திரத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு வாரம் தொழிலைப் பார்க்கும். ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்பவரிடமே காரணம் கேட்கும். முதலாளி கையெழுத்திட்ட பிறகுதான் முதல் வரியை எழுதும். ஐந்து அரவை மெஷின்களாக வளர்ந்துவிட்ட மசாலா கம்பெனியின் முதலாளி குழந்தைவேலுவுக்கு அந்த ஒரு வாரமே எரிச்சல்.

ஏழாம் நாள் அது சொன்னது: "தினமும் ஒன்றரை மணிக்கு எல்லா மெஷின்களும் பதிவான காரணமில்லாமல் பத்து நிமிடம் நிற்கின்றன."

"அதைய மொதல்ல சரி பண்ணு."

"நிறுத்துவது உங்கள் மனைவி. அவரிடம் கேட்க வேண்டும்."

அரவையைக் கவனிக்கும் அவர் மனைவி தமயந்தி கையிலிருந்த மிளகாய்த்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சாப்பிடக் கூப்பிட்டா மாடி ஆபீஸ விட்டு எறங்க மாட்டாருங்க. சத்தம் நின்னா ஓடியாந்துருவாரு. வந்ததும் தட்டை வெச்சுருவேன்."

"இதை நீக்கிவிடவா?" என்று இயந்திரம் குழந்தைவேலுவைக் கேட்டது. அவர் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இப்போது புது மென்பொருள்படி ஒன்றரைக்கு மெஷின்கள் தாமாகவே நிற்கின்றன. குழந்தைவேலு பதறியடித்துப் படியிறங்கி வந்து, "மறுபடி என்னாச்சு தமயந்தி?" என்று கேட்கிறார். அவர் கைகள் ஏற்கெனவே கழுவி ஈரமாக இருக்கின்றன.