வெறுஞ்சட்டி

சண்டையை நிறுத்தி நாட்டைப் பங்கு போட வந்த வெளிநாட்டுப் படைக்காரர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு கூரையிலும் ஒரு விளக்கைப் பொருத்தினார்கள். அது அடுப்படி வாசனையை மோந்து, உள்ளே இருப்பவர்கள் எந்தச் சனம் என்று சொல்லிவிடும். தமிழர் என்றால் மஞ்சள், முஸ்லிம் என்றால் பச்சை. எல்லை, தவமணியின் மஞ்சள் வீட்டுக்கும் ரமீசாவின் பச்சை வீட்டுக்கும் இடையிலிருந்த வேலி வழியே போனது.

நோன்பு மாதம் பிறந்தது. மூலைவீட்டுச் செல்வரத்தினத்துக்கு வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. விடிந்தபோது அவர் கூரை விளக்கு பச்சையாக எரிந்தது. நெற்றித் திருநீற்றைக் காட்டிக் காட்டிக் கத்தினார் மனுஷன். கருவி பிழை விடாது என்று சொல்லி, குடும்பத்தோடு லொறியில் ஏற்றி அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று பின்னேரம் ரமீசா வேலியடிக்கு வந்தாள். விளக்குகள் வருமுன் தவமணி பொங்கல் கொடுத்தனுப்பிய சட்டி அவள் கையில் இருந்தது. அந்த வேலியைத் தாண்டிய சட்டி எதுவும் இதுவரை வெறுமையாகத் திரும்பியதில்லை.

"கோவிச்சிராதங்க அக்கா, வெறுஞ்சட்டிதான். சோப்புப் போட்டு நல்லாக் கழுவியிரிக்கன்."

"அதுக்கென்ன புள்ள," என்று வாங்கிக்கொண்டாள் தவமணி. "நானும் இனி ஒண்டும் அனுப்பல்ல."

ரமீசா போனபிறகும் அவள் சட்டியை உள்ளே கொண்டுபோகவில்லை. முற்றத்திலேயே நின்று, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரமும் மோந்து பார்த்தாள்.